தொட்டிலுக்கு ஒரு காது

அவளுக்குத் தெருவில் பல்லுக்காரி என்று பெயர். பல் எடுப்பாக இருக்குமாக்கும் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அவள் பல்வரிசைக்கு ஒரு குறையும் கிடையாது. அடுத்தவர்களுக்குப் பல் செய்து கொடுப்பது அவள் தொழில். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து மெழுகில் ஈறு வடித்து, ஒவ்வொரு பல்லாக உட்காரவைத்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சண்டை போடாமல் பொருந்துகிறவரை விடமாட்டாள். ஒன்பது வருஷமாக ஒரே லேபில் வேலை. அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு வேர்க்கடலையைக் கடித்துத் தள்ளுகிற பெரியவர்கள் எத்தனையோ பேர்.

பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. அதற்காக யாராவது 'ஐயோ பாவம்' என்று முகத்தை வைத்துக்கொண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தொரு வருஷத்தைக் கையாலேயே பேசி ஜம்மென்று ஓட்டியவள் அவள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் கைப்பேச்சை விழுந்து விழுந்து கற்றுக்கொண்டவன். மாமியார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்தில் அவரும் முக்கால்வாசி கற்றுக்கொண்டுவிட்டார். தெரியாத இடத்தில் தானாக ஒரு சைகையைக் கண்டுபிடித்து, அதுதான் சரி என்று சாதிப்பார். இந்த வீட்டில் கையால் பேசியதை எல்லாம் நான் பேச்சாகவே எழுதிவிடுகிறேன். அவர்களுக்கு அது பேச்சுதான்.

பெண் குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. ராத்திரி அது அழுதால் புருஷன் காதில் விழும். அவன் இவள் தோளைத் தட்டுவான், இவள் எழுந்து பால் கொடுப்பாள், அவன் திரும்பிப் படுத்து அடுத்த நிமிஷமே தூங்கிப் போவான். ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கம்பெனிக்காரன் அதில் மண்ணைப் போட்டான். வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஆறு மாசத்துக்கு நைட் ஷிஃப்ட் என்று உத்தரவு வந்துவிட்டது.

மாமியார் அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். "தொட்டில் என் ரூமுக்கு வரட்டும். பாலை எடுத்து வெச்சிடு, ராத்திரி நான் குடுத்துக்கிறேன். நீயும் நிம்மதியா தூங்கலாம்."

நல்ல மனசோடு சொன்னதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பல்லுக்காரி வேறொரு கணக்குப் போட்டாள். ராத்திரி கண் விழித்து அழுகிற பிள்ளைக்கு வேறொரு முகம் வந்து நிற்கும். ஆறு மாசம் அப்படியே போனால், அம்மா என்பவள் வெளிச்சம் இருக்கும்போது மட்டும் வருகிறவள் என்று அதற்குப் பழகிவிடும். அதை நினைக்கவே அவளால் முடியவில்லை. அழுதால் தானே எழுந்து போக வேண்டும், தானே தூக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ரெடிமேடாக ஒரு கருவி கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்றான் புருஷன். தேடிப் பார்த்தால், வந்து சேர மூன்று வாரம் ஆகுமாம். திங்கட்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. "நானே பண்றேன்" என்றாள் அவள். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மாமியார் கேட்டதற்கு, மனுஷன் வாய்க்குள்ளே வேலை செய்கிறவளுக்கு ஒரு போர்டு எம்மாத்திரம் என்று பதில் வந்தது. அடக்கமாகப் பேசுவது அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் தூரம்தான்.

லேப் இருக்கிற தெருவிலேயே எலக்ட்ரானிக் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. பாகங்களை நாமே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்கிற, கைதட்டினால் விளக்கு எரிகிற கிட் ஒன்றை அங்கே வாங்கினாள். உள்ளங்கை அளவு பச்சை போர்டு, பட்டன் அளவு மைக், எட்டுக் கால் வைத்த ஒரு ஐ.சி., இரண்டு ட்ரான்சிஸ்டர், பொடிப்பொடியாக ரெசிஸ்டர்கள், செய்முறை அச்சடித்த ஒரு மடக்குத் தாள். சத்தம் கேட்டால் விளக்கு எரியும். சத்தம் நின்று பத்து விநாடியில் அணையும். தூங்குகிறவளை விளக்கு எழுப்பாது என்பதால், விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மோட்டாரைப் போடுவது அவள் திட்டம். உடம்பு பிடித்துவிடுகிற பழைய மெஷின் ஒன்று வீட்டில் உடைந்து கிடந்தது. அதிலிருந்து எலுமிச்சை அளவு மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டாள். பேட்டரியைத் தொட்டால் கை முழுக்க அதிரும். தலையணைக்கு அடியில் வைத்தால் செத்தவன்கூட எழுந்து உட்காருவான் என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் குழந்தை தூங்குகிற சமயமெல்லாம் சாப்பாட்டு மேஜை அவள் பட்டறை. ஈயம் பற்றவைப்பதில் முதல் மூன்று இடம் சொதப்பியது. அளவுக்கு மேல் ஈயம் போய் உருண்டையாக நின்றது. நாலாவதில் கைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சூட்டை ஈயத்துக்குக் காட்டாமல் பாகத்தின் காலுக்கும் போர்டுத் தகட்டுக்கும் காட்டினால், ஈயம் தானாக ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறது. மெழுகும் அப்படித்தானே, அச்சு சூடாக இருந்தால்தான் ஒட்டும். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. லேபிலிருந்து கொண்டுவந்த லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து நட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு இணைப்பும் பளபளவென்று உட்கார்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே தன் மேல் ஆசை வந்தது.

முதலில் சின்ன பல்பை மாட்டிச் சோதித்தாள். கைதட்டினாள், எரிந்தது. பத்து விநாடியில் அணைந்தது. மோட்டாரைத் தனியாகச் சோதித்தாள், கிடுகிடுவென்று ஆடியது. இரண்டும் சரி என்றால் சேர்த்தாலும் சரியாகத்தானே இருக்கும்? போர்டையும் மோட்டாரையும் ஒரே சோப்பு டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பசை போட்டு ஒட்டி மூடினாள். தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி கிடையாது. டப்பாவைத் தலையணை ஓரத்தில் சொருகினால் மைக் தொட்டில் பக்கம் பார்க்கும், மோட்டார் தலையை ஆட்டும்.

சனிக்கிழமை புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டப்பாவை அவர் மடியிலேயே வைத்தாள். குழந்தை பசி நேரத்துக்குச் சரியாக வீறிட்டது. டப்பா துள்ளியது. மாமியார் பதறி எழுந்தே விட்டார். அப்புறம் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது பல்லுக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள், அது அழுகையை நிறுத்திப் பால் குடிக்கத் தொடங்கியது.

டப்பா நிற்கவில்லை. பத்து விநாடி போனது, ஒரு நிமிஷம் போனது, ஆடிக்கொண்டே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். சும்மா இருந்தது. மாமியார் ஒரு தடவை இருமினார், அவ்வளவுதான், திரும்ப ஆட ஆரம்பித்து நிற்கவே இல்லை. மாமியார் பேட்டரியைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தார்.

"இது பொய் சொல்லுதும்மா" என்றார். "வார்டுல மணி பொய்யா அடிச்சா முதல் நாள் ஓடுவோம், ரெண்டாவது நாள் நடப்போம், மூணாவது நாள் யாரும் தலையக்கூடத் தூக்க மாட்டோம். அப்படி ஒரு தடவை ஒரு உயிரே போச்சு. என் கண்ணு முன்னாலேயே போச்சு. பாப்பா விஷயத்துல நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்ளலாம் என்றால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் அதிகமாகச் சுட்டது. மாமியார் தன் அறையில் தொட்டிலுக்கு இடம் பண்ண நாற்காலியை நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்து முடித்தாள், குழந்தையைக் கிடத்தினாள், நேரே மேஜைக்குப் போய் டப்பாவைப் பிளந்தாள்.

எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை என்றுதான் நினைத்தாள். லென்ஸை மாட்டிக்கொண்டு முப்பத்திரண்டு இடத்தையும் பார்த்தாள். முப்பத்திரண்டா, ஒரு முழு வாய்ப் பல் அளவு என்று அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது. ஒன்றே ஒன்று மங்கலாக இருந்தது. அதைச் சுட்டு மறுபடி பற்றவைத்தாள். பல்பை மாட்டினால் ஒழுங்காக அணைந்தது, மோட்டாரை மாட்டினால் நிற்க மாட்டேன் என்றது. சரி, ஆட்டம்தான் போர்டு வழியாக மைக்கை உலுக்குகிறது போலிருக்கிறது என்று மோட்டாரைப் பசையிலிருந்து பெயர்த்து, போர்டில் படாமல் கையில் தூக்கிப் பிடித்தாள். அப்போதும் நிற்கவில்லை. கை அதிர்ந்து வலிக்கவே, பக்கத்தில் கிடந்த குழந்தைத் துண்டை மோட்டார் மேல் நாலு மடிப்பாகச் சுற்றினாள். பத்து விநாடியில் நின்றது.

துண்டை எடுத்துவிட்டுக் கைதட்டினாள். நிற்காமல் ஆடியது. துண்டைச் சுற்றினாள், நின்றது. நாலைந்து தடவை செய்து பார்த்தாள், அதேதான். மோட்டாருக்கும் மைக்குக்கும் நடுவில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியானால் துண்டு எதைத் தடுக்கிறது? காற்றில் போய் மைக்கில் விழுகிற சமாசாரம் ஒன்றே ஒன்றுதான். அதை அவளால் நம்பவே முடியவில்லை. லேபில் பல்லைத் தேய்க்கிற மெஷின் காதைப் பிளக்கும் என்று மற்றவர்கள் சொல்லித் தெரியும்; அது பல்லோடு உரசுவதால் வருகிற சத்தம் என்று நினைத்திருந்தாள். இது எதோடும் உரசவில்லையே, அந்தரத்தில் சும்மா ஆடுகிறது. போதாக்குறைக்கு, சத்தம் வேண்டாம் என்கிற இடத்தில்தானே எல்லோரும் போனை அதிர்வில் போட்டுக்கொள்கிறார்கள்? அதிர்வு என்றால் சத்தமில்லாதது என்று அவள் எந்தக் காலத்திலோ முடிவு கட்டியிருந்தாள். யாரும் மறுத்துச் சொன்னதில்லை, ஏனென்றால் யாரிடமும் கேட்டதில்லை.

வீட்டில் காது கேட்கிற பெரிய ஆள் அப்போது ஒருவர்தான். கௌரவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஆடுகிற மோட்டாரைக் கையில் ஏந்தியபடி மாமியார் அறை வாசலில் போய் நின்றாள்.

"அத்தை, இதுக்குச் சத்தம் உண்டா?"

மாமியார் அவளையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறாளோ என்று சந்தேகம். இல்லை என்று தெரிந்ததும் இரண்டு கையையும் காதுகளில் பொத்திக்காட்டினார். "உண்டாவா? ஜன்னல்ல நூறு வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. என் மடியில வெச்சப்பவே கேட்டுச்சு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பல்லுக்காரி தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மெஷின் தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு, குழந்தைதான் அழுகிறது என்று மாய்ந்து மாய்ந்து ஆடியிருக்கிறது! பொய் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறது. மாமியாருக்கு விளக்கியதும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவள் அதோடு விடவில்லை. முப்பத்தொரு வருஷம் கேட்காமல் விட்டதை எல்லாம் இன்றைக்கே கேட்டுவிட வேண்டும் போல ஒரு வெறி வந்துவிட்டது அவளுக்கு. ஃபிரிட்ஜுக்குச் சத்தம் உண்டா? உண்டு. பல்புக்கு? பழசானால் உண்டு. ஈயம் உருகுகிறபோது? இல்லை. நான் நடக்கிறபோது? குதிகாலை ஊன்றி நடக்கிறாய், கீழ்வீட்டுக்காரர் தலையில் விழும். உங்கள் மகன் தூங்குகிறபோது?

"அதை மட்டும் கேக்காதே" என்றார் மாமியார். "நீ குடுத்து வெச்சவ."

கடைசியாக, பாப்பா பால் குடிக்கிறபோது என்று கேட்டாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு விரலால் சின்னச் சின்னதாக மூன்று தடவை தட்டினார், ஒரு நிறுத்தம், பிறகு நீளமாக ஒரு வருடல். மூச்சு விடுது, என்றார். மறுபடி மூன்று தட்டு. பல்லுக்காரிக்குக் கண் நிரம்பிவிட்டது. மாரில் உணர்ந்த கணக்கேதான் அது. தனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்ததை இன்னொருவரும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குப் பொறாமை வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் இன்னொன்றும் சொன்னார். குழந்தை எடுத்த எடுப்பில் அழாதாம். முதலில் கொஞ்ச நேரம் முனகுமாம். அப்போதே தூக்கிவிட்டால் அழுகையே கிடையாது. விட்டால்தான் ஊரைக் கூட்டும்.

"அப்ப நான் முனகல்லயே எழுந்திருக்கணும்" என்றாள் அவள்.

சாயங்காலமே வேலை தொடங்கியது. மோட்டாரை டப்பாவிலிருந்து வெளியேற்றி, மூன்று மீட்டர் ஒயரின் நுனியில் பற்றவைத்தாள். ஒயர் நழுவாமல் இடுக்கியால் பிடித்தது மாமியார். எத்தனை தையலுக்கு நூல் பிடித்த கை, ஒரு இம்மி அசையவில்லை. மோட்டாரைச் சாக்ஸுக்குள் போட்டு, பஞ்சு அடைத்து, தலையணை உறைக்கு உள்ளே வைத்துத் தைத்தார்கள். மைக் இருக்கிற டப்பா தொட்டிலின் தலைமாட்டுக்குப் போனது. தொட்டிலை எதிர்ச் சுவர் ஓரமாக நகர்த்தினார்கள். மாமியார் தொட்டில் பக்கம் காதை வைத்து, மோட்டார் சத்தம் இன்னும் வருகிறது, இன்னும் கொஞ்சம் பஞ்சு, ஆ, இப்போது இல்லை என்று சொல்லச் சொல்ல, இவள் சரிசெய்தாள். போர்டில் ஒரு குட்டித் திருகு இருந்தது. அதைத் திருப்பினால் மைக்குக் காது கூர்மையாகும். வேலை முடிந்து வந்து ஹாலில் படுத்துவிட்ட புருஷன் விடுகிற குறட்டைக்கு ஆடக் கூடாது, தொட்டில் முனகலுக்கு ஆட வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இடம் இருந்தது. கடைவாய்ப் பல்லைப் பொருத்துகிற பொறுமையோடு அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள்.

மாமியார் மூன்று தடவை பார்க்க வேண்டும் என்றார். நடுவில் ஒரு தடவை பொய்யாக ஆடினாலும் தொட்டில் தன் அறைக்கு வந்துவிடும் என்றார். சரி, மூன்று என்ன, முப்பது பாருங்கள் என்றாள் இவள். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று, இரண்டும் சொல்லிவைத்த மாதிரி நடந்தன. மூன்றாவதை அவள் நிஜமாகவே தூங்கும்போது பார்க்க வேண்டும் என்பது மாமியார் நிபந்தனை. ஞாயிறு மத்தியானம், பத்து வாரத் தூக்கக் கடன் எல்லாம் சேர்ந்து அழுத்த, தலையணையில் தலை வைத்ததும் அவள் போய்விட்டாள். மாமியார் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு, வார்டு டியூட்டி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். கண்ணை மூடவில்லை, புத்தகம்கூட எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தலையணை உதறியது. பல்லுக்காரி ஒரே துள்ளலில் எழுந்து உட்கார்ந்தாள். எதிரே மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது.

"பாப்பா அழவே இல்லம்மா. ஒரு சின்ன சத்தம்கூட வரல. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இது பொய் மணி."

அவள் எழுந்த வேகத்தில் தொட்டிலுக்குப் போனாள். குழந்தை விழித்திருந்தது. முகம் சிவந்து, ஒரு முஷ்டி வாயில், உதடு கோணிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையைத் தொட்டிலில் வைத்தபடி மற்றக் கையால் மாமியாரை அவசரமாகக் கூப்பிட்டாள்.

மாமியார் வந்து குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து பின்னால் ஒரு அடி வைத்தார், தலையைச் சாய்த்துக் கவனித்தார். இன்னொரு அடி வைத்தார். மூன்றாவது அடியில் அவர் முகம் மாறியது. திரும்ப ஒரு அடி முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார். முப்பத்துச் சொச்ச வருஷம் நோயாளிகளைச் சோதித்தவர், அன்றைக்குத் தன்னையே சோதித்துக்கொண்டிருந்தார் என்பது பல்லுக்காரிக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"முனகுது" என்றார். "பக்கத்துல வந்தா நல்லா கேக்குது. அங்கேருந்து எனக்குக் கேக்கல. அந்த டப்பாவுக்குக் கேட்டிருக்கு, எனக்குக் கேக்கலம்மா. என் ரூம்ல இருந்திருந்தா பாப்பா தொண்டை வறண்டு கத்துற வரைக்கும் கிடந்திருக்கும்."

பல்லுக்காரி குழந்தையைத் தூக்கி மாரோடு அணைத்தாள். அழுகை வரவேயில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு ஆட்டம் போட்டிருக்கலாம், அப்படிப் போடக்கூடியவள்தான். ஆனால் மாமியார் நின்ற நிலையைப் பார்த்ததும் அவளுக்கு அது தோன்றவில்லை. காலி கையால் அவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, பத்து வாரமா நீங்க காதைத் தீட்டிக்கிட்டேதான் படுத்திருக்கீங்க. எனக்குத் தெரியும். ராத்திரி இனிமே என் வேலை. நீங்க போய்த் தூங்குங்க."

மாமியார் குழந்தையின் காலை ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். தன் அறைக்குப் போனார். குழந்தை பிறந்த நாளிலிருந்து, அழுதால் கேட்க வேண்டும் என்று ராப்பகலாகத் திறந்தே போட்டிருந்த கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டு படுத்தார்.